முந்நூறு வார்த்தைக்குள் ஓர் அம்மா

தாரணி இதை எழுதியிருக்கவே முடியாது. அந்த விஷயத்தில் ஐரின் மிஸ்ஸுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

பத்தாம் வகுப்பு பி பிரிவில் நாற்பத்திரண்டு பேர். ‘எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர்’ என்று தலைப்பு கொடுத்திருந்தார். ஆங்கிலத்தில் முந்நூறு வார்த்தைக்குள், சொந்தமாக எழுத வேண்டும். ‘சொந்தமாக’ என்ற சொல்லைக் கரும்பலகையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். நாற்பத்தொரு பேர் கைடு புத்தகத்தின் அம்மாவையே கொஞ்சம் முன்பின்னாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா அதிகாலையில் எழுவாள், தியாகம் செய்வாள், மெழுகுவத்தியாக உருகுவாள்.

நாற்பத்திரண்டாவது தாள் தாரணியுடையது. போன மாதம் மழைக்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, “மழைக்காலத்தில் மழை வரும். வராவிட்டால் அது மழைக்காலம் அல்ல” என்று இரண்டே வரியில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண் அவள்.

இப்போதோ இப்படி ஆரம்பித்திருந்தாள்:

“என் அம்மாவின் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். குரலின் உயரம் ஆறடி.”

ஐரின் மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடர்ந்து படித்தார்.

“தூங்கும்போதும் அவள் வலது கை அசைந்துகொண்டே இருக்கும். பகல் வேலை இன்னும் பாக்கி இருப்பதுபோல. நான் அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொள்வேன். அசைவு நிற்கும். இது அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை.”

தாரணியின் அம்மா காந்தா இஸ்திரி வண்டி வைத்திருப்பவள் என்று அட்மிஷன் ரிஜிஸ்டரில் இருந்தது. நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியைத் தள்ளும் கை, தூக்கத்திலும் தள்ளுகிறது. ஐரின் மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு மூன்று பிழைகளைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை தானாகப் போகிறது. தாள்களின் மூலையில் துளையிட்டு வெள்ளை நூலால் கட்டித் தர வேண்டும் என்பது அவர் வகுப்பின் சட்டம். தாரணி மஞ்சள் நூலால் கட்டியிருந்தாள். நூலைச் சுற்றியும் ஒரு வட்டம் போட்டார்.

கட்டுரை நன்றாக இருந்ததுதான் பிரச்சினையே. பெங்களூர்ப் பள்ளிகளுக்கு இடையிலான கட்டுரைப் போட்டிக்கு ஒரு பள்ளி ஒரு கட்டுரை அனுப்பலாம். போன வருடம் ஐரின் மிஸ் தேர்ந்தெடுத்து அனுப்பியது எங்கிருந்தோ அப்படியே காப்பி அடித்தது என்று தெரிந்து, பள்ளியின் பெயரையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பிரின்சிபால் சிஸ்டர் ஆஞ்சலா கோபப்படவில்லை. “மிஸ், இந்தத் தடவ ‘இது மாணவியின் சொந்த எழுத்து’ன்னு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க” என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை நண்பகல் கடைசி நேரம். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறப்போகிற ஐரின் மிஸ்ஸுக்கு மிச்சமிருப்பது அந்தக் கையெழுத்தின் மரியாதைதான். அதைத் தப்பாகப் போட்டுவிட்டுப் பள்ளியைவிட்டுப் போக அவர் தயாராக இல்லை.

காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தால் அங்கே வேறொரு கூத்து. கணவர் மதலைமுத்து பீரோவைத் திறந்து போட்டு, மடித்து வைத்த சட்டைகளின் பைகளையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க தேடுறீங்க?”

“ஒரு பேப்பர்.”

“என்ன பேப்பர்?”

“சும்மா... கேஸ் சீட்டு.”

“கேஸ் இப்ப போன்லதானே புக் பண்றோம்?”

மதலைமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது. ஆகவே அடுத்த சட்டையை எடுத்தார்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் இப்போது அவர் துறை. பால், காய்கறி, இஸ்திரி, எல்லாம் அவர்தான். எந்தக் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட ஐரின் மிஸ்ஸுக்குத் தெரியாது.

“ஞாயித்துக்கிழமைக்கு அந்த வெள்ளைச் சட்டையே போட்டுக்குங்க. இத்தனையும் கலைச்சு வெச்சா யாரு மடிக்கறது? சின்னப் பிள்ளையா நீங்க?”

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய முப்பத்தைந்தாவது கல்யாண நாள். காலையில் சர்ச்சில் பூசை, பிறகு பங்கு மண்டபத்தில் டீயும் கேக்கும். கேக் வெட்டுவதற்குமுன் யாராவது ஒருவர் திராட்சை ரசக் கிளாஸைத் தூக்கிப் பிடித்துத் தம்பதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். டோஸ்ட் என்று பெயர். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அது இல்லாமல் எந்த விசேஷமும் முடியாது.

“டோஸ்ட்ட எங்க அமல் அண்ணன் சொல்லிடுவாரு. நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சா போதும்.”

“சரி” என்றார் மதலைமுத்து.

அவர் வேறெதுவும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் அவர் ஐரினுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதினார். நான்காம் நாள் அதே கடிதம் பதினான்கு சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. கீழே, ‘நல்ல முயற்சி. மறுபடி எழுதவும்’ என்று குறிப்பு. மதலைமுத்து மறுபடி எழுதவில்லை. ஸ்டாஃப் ரூமில் வருடத்துக்கு ஒரு முறையாவது ஐரின் மிஸ் இந்தக் கதையைச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் சொன்னால் மதலைமுத்துவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

கலைந்த சட்டைகளுக்கு நடுவில் அவர் முகம் வாடியிருந்தது. ஐரின் மிஸ் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு காபியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கட்டுரைத் தாள்களோடு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ரயான் சாரிடம் தாரணியின் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

“இப்பல்லாம் போனே எழுதிக் குடுக்குதாமே ரயான். இது அந்த மாதிரியான்னு பார்க்க முடியுமா?”

“அதுக்கு ஒரு ஆப் இருக்கு மிஸ். மனுஷன் எழுதுனதா மெஷின் எழுதுனதான்னு பர்சென்டேஜோட சொல்லிடும்.”

ஆப் யோசித்தது. தொண்ணூற்றெட்டு சதவீதம் மனிதன் என்றது.

“அது ஒழுங்கா வேலை செய்யுதுன்னு என்ன கேரண்டி?” என்றார் ஐரின் மிஸ். கைப்பையிலிருந்து தன் மாதிரிக் கட்டுரையை எடுத்தார். ‘மரங்களின் பயன்கள்.’ இருபத்திரண்டு வருடமாக, கமா மாறாமல் வகுப்பில் சொல்லி எழுத வைப்பது. “இதப் போட்டுப் பாரு. இது நான் எழுதுனது.”

ரயான் போட்டுப் பார்த்தான். பிறகு போனைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

“என்ன சொல்லுது?”

“நெட்வொர்க் சரியில்ல மிஸ்.”

“காட்டு.”

தொண்ணூற்றாறு சதவீதம் மெஷின் என்று இருந்தது.

“நான் இத எழுதும்போது இந்த மெஷினே பொறக்கலியே!” என்று ஐரின் மிஸ் போட்ட சத்தம் நூலகம்வரை கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கணக்கு டீச்சர் கோமளம் மட்டும் ஆறுதலாக, “விடுங்க மிஸ், உங்க எழுத்துல ஒரு தப்புகூட இருக்காதில்ல, அதான் மெஷின்னு நெனச்சிருக்கும்” என்றார். அந்த ஆறுதல் ஐரின் மிஸ்ஸை நாள் முழுக்க உறுத்தியது.

இனி நேரடிச் சோதனைதான் என்று முடிவு செய்தார். கடைசிப் பீரியடில் தாரணியை நூலகத்தில் தனியாக உட்கார வைத்து, ‘என் அப்பா’ என்று தலைப்புக் கொடுத்தார். நாற்பது நிமிடத்துக்குப்பின் கிடைத்தது இது:

“என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவுக்கு மூன்று சக்கரம். என் அப்பா நல்லவர். ஆட்டோவும் நல்லது.”

ஐரின் மிஸ் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தாரணி, உண்மையச் சொல்லு. அம்மா கட்டுரைய யாரு எழுதுனது?”

“நான்தான் மிஸ். என் கையாலதான் எழுதுனேன்.”

“கையால எழுதுறது வேற, மனசால எழுதுறது வேற. எதால நீ எழுதுன?”

தாரணி அழ ஆரம்பித்தாள். அழுதால் ஐரின் மிஸ்ஸால் அதற்குமேல் கேட்க முடியாது. கைக்குட்டையைக் கொடுத்து, “நாளைக்கு அம்மாவ வரச் சொல்லு” என்று அனுப்பினார். அதைவிடப் பெரிய தப்பை அவர் அந்த வாரம் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை காலை காந்தா வந்தாள். நல்ல உயரம். தோளில் துண்டு, விரல்களில் சூடு பட்ட தழும்புகள். பிள்ளை என்னவோ செய்துவிட்டாள் என்ற பயத்தில் முகம் வெளுத்திருந்தது.

“இன்னா மிஸ் பண்ணிட்டா? சொல்லுங்க, இங்கயே தோலை உரிச்சுடறேன்.”

“ஒண்ணும் பண்ணல காந்தா. உங்களப் பத்தி எழுதியிருக்கா. கேளுங்க.”

ஐரின் மிஸ் ஜெராக்ஸைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். தூக்கத்தில் அசையும் கை வந்த இடத்தில் காந்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும் இடத்தில் வாய்விட்டே அழுதுவிட்டாள். பக்கத்து வகுப்புக் கதவு திறந்தது. அப்புறம் அதற்கடுத்த வகுப்புக் கதவும் திறந்தது. வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சிஸ்டர் ஆஞ்சலாவும் நின்று கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மிஸ், இதுதான் போகணும். வேற பேச்சே வேண்டாம். நம்ம ஸ்கூல் நூற்றாண்டு மலர்லயும் முதல் பக்கம் இதுதான். விழா அன்னிக்கு இந்த அம்மாவுக்கு மேடையில சால்வை போடுவோம்!”

“சிஸ்டர், ஒரு நிமிஷம், இன்னும் நான் விசாரிச்சு முடிக்கல...”

சிஸ்டர் அதற்குள் ஆபீஸ் பக்கம் போய், சால்வையின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

காந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகக் கேட்டாள்:

“நல்லாத்தான் கீது மிஸ். ஆனா இதுல இருக்கறது நான் இல்லியே?”

“என்ன சொல்றீங்க?”

“நான் படுத்தா கட்டை மிஸ். எழுப்புனாதான் எழுந்திருப்பேன், கையாவது ஆடறதாவது. அப்புறம் இன்னாவோ சொன்னீங்களே, மன்னிப்பு கேக்க மாட்டா, திட்டுன கால் மணி நேரத்துல காபி கொண்டாந்து வெப்பான்னு. எங்க வூட்ல காபியே கெடையாது. டீதான்.”

“பாயசம் வேண்டாம்னு சொல்லிட்டு, பக்கத்துக் கிண்ணத்துலேருந்து மூணு தடவ எடுக்கறது?”

“எனக்கு வேணும்னா நானே ரெண்டு கிண்ணம் வாங்கிக்குவேன். எனக்கென்ன வெட்கம்? உயரம் எவ்ளோன்னு போட்டிருக்கு?”

“ஐந்தடி ஓர் அங்குலம்.”

“நான் அஞ்சரை. அஞ்சடி ஒண்ணுன்னா உங்க உயரம்தான் இருப்பா மிஸ்.”

“நான் அஞ்சடி மூணு” என்றார் ஐரின் மிஸ், செருப்பின் குதிகாலையும் சேர்த்து.

காந்தா விரல்விட்டு எதையோ எண்ணினாள். முகம் மாறியது.

“அப்படின்னா இன்னொருத்தி கீறா.”

“யாரு?”

“இவ அம்மான்னு கூப்புடற இன்னொருத்தி. கட்டையா, காபி குடிக்கறவ. அய்யோ தேவ்ரே! இந்த மனுஷன் வாரத்துல ரெண்டு நாள் ஆஸ்டின் டவுன் சவாரின்னு போறப்பவே நெனச்சேன். பொண்ணையும் இட்டுக்கினு போய்ப் பழக்கி வெச்சிருக்கான்!”

“காந்தா, அதெல்லாம் இருக்காது, உட்காருங்க...”

“படிச்ச நீங்களே படிச்சுக் காட்டுனீங்களே மிஸ்!”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காந்தா ஆட்டோ ஸ்டாண்டை நோக்கி நடந்த வேகத்தைப் பார்த்து வாட்ச்மேன் கேட்டைத் தானாகவே திறந்துவிட்டார்.

அன்று முழுக்க ஐரின் மிஸ்ஸால் ஒரு வகுப்பும் ஒழுங்காக எடுக்க முடியவில்லை. கட்டுரை யாருடையது என்று கண்டுபிடிக்கப் போய், ஒரு நல்ல குடும்பத்தை உடைத்துவிட்டோமே என்பதே நினைப்பாக இருந்தது. பள்ளி விட்டதும், அசல் கட்டுரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் விசாரித்து விசாரித்து இஸ்திரி வண்டியைக் கண்டுபிடித்தார்.

பெட்டியில் கரி அணைந்து கிடந்தது. துணி மூட்டைகள் குவிந்திருந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டியிருந்தது. காக்கிச் சட்டையோடு தாரணியின் அப்பா ரவி கைகூப்பி நின்றான். ஐரின் மிஸ்ஸைப் பார்த்ததும் உயிர் வந்தவன்போல ஓடி வந்தான்.

“மிஸ், நீங்களே சொல்லுங்க! ஒரு குடும்பத்த ஓட்டறதுக்கே நாக்கு தள்ளுது, இதுல ரெண்டாவதா? முனீஸ்வரன் மேல சத்தியம். வேணும்னா உங்க மாதா மேலயும் சத்தியம்!”

“சத்தியமெல்லாம் அப்புறம் பண்ணு. அவ காபி குடிக்கறவளா இல்லியா, அத மட்டும் சொல்லு!” என்று காந்தா கத்தினாள்.

“எவ?”

“பாத்தீங்களா மிஸ், எவன்னு கேக்கறான்! அப்போ எத்தினி பேரு?”

வண்டிக்குப் பின்னாலிருந்து தாரணி ஓடி வந்தாள். நேரே ஐரின் மிஸ்ஸின் முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

“மிஸ், அப்பா ஒண்ணும் பண்ணல. நான்தான் காப்பி அடிச்சேன்.”

“எதுலேருந்து?”

“ஒரு சட்டைப் பையிலேருந்து.”

தாரணி அழுகையோடு அழுகையாகச் சொல்லி முடித்தாள். சாயங்காலம் துணிகளின் பைகளைச் சோதித்து, கிடைத்ததை எடுத்து வைப்பது அவள் வேலை. சாவியோ சீட்டோ எது கிடைத்தாலும், எந்த வீட்டு மூட்டையோ அந்த வீட்டு நூலை அதில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். போன வாரம் ஒரு சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. படித்தாள். மூன்று முறை படித்தாள். டப்பாவில் போட மனசு வரவில்லை.

“எனக்கும் அந்த மாதிரி எழுத வராதான்னு இருந்துச்சு மிஸ். அதுல ‘என் மனைவி’ன்னு இருந்துச்சு. நான் ‘என் அம்மா’ன்னு மாத்திக்கிட்டேன். மத்ததெல்லாம் அப்படியே எழுதிட்டேன்.”

காந்தா கணவனைப் பார்த்தாள். ரவி இடுப்பில் கைவைத்துக்கொண்டான். அவள் திரும்பிப் பெட்டியின் கரியை ஊத ஆரம்பித்தாள்.

ஐரின் மிஸ்ஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டிக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கட்டுரையை எடுத்து, ‘அம்மா’ இருந்த இடத்திலெல்லாம் ‘மனைவி’ என்று வைத்து முதலிலிருந்து படித்தார். தூங்குகிறவளின் கையைப் பிடித்துக்கொள்கிற ஒரு கணவன். அதை அவளிடம் சொல்லாத ஒரு கணவன். இந்த நான்கு தெருக்களில் எந்த வீட்டிலோ இருக்கிறான்.

அவருக்குப் பொறாமையாக இருந்தது. முப்பத்தைந்து வருடத்தில் தனக்கு இப்படி ஒரு வரி யாரும் எழுதவில்லை. இதில் தான் போட்டிருந்த மூன்று சிவப்பு வட்டங்களைப் பார்க்க முதல் முறையாக வெட்கமாக இருந்தது.

“எந்தப் புண்ணியவதிக்குக் கெடச்சிருக்காரோ” என்றார் வாய்விட்டே. “எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. என்ன கேட்டாலும் ‘சரி’ன்னு ஒரு வார்த்தை. அதோட சரி.”

“மிஸ், என்னைய ஸ்கூல விட்டு அனுப்பிடுவாங்களா?” என்றாள் தாரணி.

“இல்லம்மா. நாளைக்கு சிஸ்டர்கிட்ட நானே சொல்றேன். ‘எனக்கும் எழுத வராதா’ன்னு இப்ப சொன்னியே, திங்கக்கிழமை அத எழுதிட்டு வா. அது உன்னோடது. ஆனா இது அவருக்குத் திரும்பிப் போகணும். ஒருத்தர் பொண்டாட்டிக்கு எழுதுனது. அந்தப் பேப்பர் எங்க?”

“பயந்துகிட்டுக் கிழிச்சுப் போட்டுட்டேன் மிஸ்.”

“எந்த வீட்டுச் சட்டை?”

“தெரியாது மிஸ். நூல் கணக்கு அம்மாவுக்குத்தான் தெரியும். அதுல சுத்தியிருந்த நூலாலதான் உங்களுக்குக் கட்டிக் குடுத்தேன்.”

ஐரின் மிஸ் கட்டுரையைக் காந்தாவிடம் நீட்டினார். காந்தா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, சிவப்பு வட்டத்துக்குள் இருந்த மஞ்சள் நூலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“மஞ்ச நூலா? அது நம்ம மதலைமுத்து சார் வூட்டு மூட்டையாச்சே மிஸ்! ஒரு பேப்பரக் காணோம், ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்னு, பாவம், ஒரு வாரமா தெனம் வந்து கேட்டுட்டுப் போறாரு.”